பாட்டைக் குறை சொல்லுமுன் மிக்ஸைக் கேளுங்கள்

ஒரு ராக் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு ‘பிரமாதம்’ என்றோ ‘தேறாது’ என்றோ ரசிகர் சொல்லும் தீர்ப்பில் பெரும்பங்கு அதை மிக்ஸ் செய்தவரின் கைவேலைக்குக் கிடைத்த தீர்ப்பு. திண்டுக்கல்லில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்திலிருந்து, கல்லூரி விழாவில் டிஜிட்டல் மிக்சர் முன்னால் நிற்கும் இன்றுவரை ஒன்றைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். மேடையில் வாசிப்பது ஒன்று, கீழே நிற்பவர் காதில் விழுவது இன்னொன்று. நடுவில் இருக்கும் கை என்ன செய்கிறது என்பது ரசிகர்களுக்குத் தெரிந்திருந்தால், நம் இசைச் சண்டைகளில் பல மூண்டே இருக்காது.

நாகல் நகரில் இருக்கும் என் கடைக்குக் கல்லூரிப் பையன்கள் சாயங்காலம் வருவார்கள். நல்ல ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்க அவர்களுக்கு வேறு இடம் இல்லை. அப்படி ஒரு நாள் அவர்கள் போட்டதுதான் அமெரிக்க ராக் குழுவான மெட்டாலிகாவின் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’. 1988இல் வந்த ஆல்பம். ஒரு பையன் சொன்னான்: “அண்ணே, இதுல பேஸ் வாசிக்கிறவருக்கு ஒண்ணுமே வராதுண்ணே. சத்தமே கேக்கல பாருங்க.”

அவன் சொன்ன ஜேசன் நியூஸ்டெட் நல்ல கலைஞர். 1986இல் சுவீடனில் நடந்த பஸ் விபத்தில் மெட்டாலிகாவின் பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்டன் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்தவர் நியூஸ்டெட். குழுவோடு அவர் செய்த முதல் முழு ஆல்பம் இது. அவர் வாசித்தார், அது டேப்பிலும் பதிவானது. மிக்ஸ் செய்த இருவரில் ஒருவரான ஸ்டீவ் தாம்சன், டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக் பேஸைக் கேட்டும் கேட்காத அளவுக்குக் குறைக்கச் சொன்னதாகவும், குறைத்த பிறகு இன்னும் இறக்கச் சொன்னதாகவும் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மிக்சரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஃபேடரைக் கீழே இழுத்தார்கள். ஒரு கலைஞனின் உழைப்பு முழுதும் மறைந்தது. உலகம் முழுக்க உள்ள ரசிகர்கள் முப்பது வருஷத்துக்கு மேலாக அதைப் பற்றிப் பேசுகிறார்கள். சிலர் பேஸைத் தாங்களே தூக்கி வைத்துப் புதுப் பதிப்புகள் செய்துகொண்டார்கள். 2018இல் அந்த ஆல்பம் மாஸ்டரிங் மட்டும் புதிதாகச் செய்யப்பட்டு வெளிவந்தபோதும் பேஸ் திரும்பி வரவில்லை. அந்தந்தக் காலத்தின் பதிவு அப்படியே இருக்கட்டும் என்று குழு முடிவு செய்தது.

அடுத்த ஆல்பம் 1991இல் வந்தது. அதன் தயாரிப்பாளர் பெயர் பாப் ராக். அதே நியூஸ்டெட், அதே விரல்கள். பேஸ் தரையிலிருந்து எழும்பி வருவதுபோலக் கேட்கும். அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம் அது. முதல் ஆல்பத்தைக் கேட்டவன் அவரை ‘வாசிக்கத் தெரியாதவர்’ என்கிறான், இரண்டாவதைக் கேட்டவன் ‘தூண்’ என்கிறான். மூன்று வருஷத்தில் மாறியது மிக்சர் முன் உட்கார்ந்தவரும், தயாரிப்பாளர் எதை முன்னால் வைக்க நினைத்தார் என்பதும்தான்.

2011 அக்டோபர் 30ஆம் தேதி பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா வாசித்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் சிலரும் போய் வந்தார்கள். 1988 ஆல்பத்தின் பாட்டை மேடையில் கேட்ட ஒருவன், நெஞ்சுக்கூடு அதிர்ந்தது என்று சொன்னான். அதற்குள் பேஸ் வாசிக்க ராபர்ட் ட்ருஹியோ வந்துவிட்டார் என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பாட்டில் பேஸுக்கு இவ்வளவு இடம் இருந்தது என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மிக்சிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ராக் பாட்டில் டிரம்ஸுக்கு மட்டுமே ஏழெட்டு மைக் வைப்பார்கள். பேஸ், இரண்டு மூன்று கிட்டார், கீபோர்டு, பாடகர், கூடப் பாடுகிறவர்கள் என்று எல்லாமே தனித்தனி டிராக். எது எவ்வளவு சத்தம், எது இடது, எது வலது, எதற்கு எவ்வளவு எக்கோ, எந்த வாத்தியத்தின் எந்த அலைவரிசையைக் குறைத்தால் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கும் என்பதையெல்லாம் முடிவு செய்வது மிக்சிங். அது முடிந்த பிறகு மொத்த ஆல்பத்தையும் ஒரே சீராக்கி, கடைக்குப் போகும் வடிவத்தில் செய்து தருவது மாஸ்டரிங். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். டிரம்ஸின் கிக்கும் அந்தப் பக்கத்தில்தான் உட்காரும். இரண்டில் ஒன்று வழிவிடாவிட்டால் இரண்டும் குழம்பும். யார் வழிவிட வேண்டும் என்று முடிவு செய்கிறவர், பாட்டின் பொருளையே முடிவு செய்கிறார்.

அதன் மேல் கேட்கும் கருவி இருக்கிறது. செல்போன் ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸ் பக்கமே போகாது. செல்போனில் கேட்டுவிட்டு ‘பேஸ் இல்லை’ என்று சொல்கிற பையனுக்கு அந்த ஆல்பத்தைக் குறை சொல்லும் உரிமை இன்னும் வரவில்லை.

சத்தத்தின் அளவு நம் காதை எப்படி ஏமாற்றுகிறது என்பதைக் கடையிலேயே செய்து காட்டினேன். ஒரே பாட்டு, ஒரே ஃபைல், ஒரே பாக்ஸ். இரண்டு முறை போட்டேன். இரண்டாம் முறை ஃபேடரை இரண்டு டெசிபல் மட்டும் ஏற்றினேன், சொல்லாமல். இரண்டாவது மிக்ஸ்தான் தெளிவு என்றார்கள். பேஸ் நன்றாக வருகிறது என்றார்கள், பாடகர் குரலில் உயிர் இருக்கிறது என்றார்கள். ஒருவன் மட்டும் ‘அது புது ரீமாஸ்டரா’ என்று கேட்டான். ஃபேடரைக் காட்டியதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இது அவர்கள் குற்றம் கிடையாது. மனிதக் காது அப்படித்தான். சத்தம் குறைந்தால் அடித்தொனியும் உச்சத்தொனியும் முதலில் மறையும், ஏற்றினால் இரண்டும் எழும்பி வரும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள்.

இந்தப் பலவீனத்தை வைத்துத்தான் சி.டி. காலத்தில் சத்தப் போட்டி நடந்தது. அடுத்தவன் சி.டி.யைவிட நம் சி.டி. சத்தமாக இருக்க வேண்டும் என்று கம்ப்ரஸரையும் லிமிட்டரையும் போட்டு நசுக்கினார்கள். மெதுவான இடமும் சத்தம், சத்தமான இடமும் அதே சத்தம். 2008இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ வந்தபோது இது உச்சத்துக்குப் போனது. அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டிலும் வந்தன. அந்த விளையாட்டில் நசுங்காத ஒலி இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். சி.டி.யைத் திரும்ப மிக்ஸ் செய்யக் கேட்டுப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே ஒலி நசுங்கித்தான் இருந்தது என்று ஒரு ரசிகருக்கு எழுதிய பதிலும் வெளியே வந்தது. காசு கொடுத்து வாங்கிய சி.டி.யைவிட விளையாட்டில் பாட்டு நன்றாக இருந்தது என்றால், அந்தக் கோபம் நியாயமானது.

இது அமெரிக்காக்காரன் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ராக் என்ற பெயர் இல்லாமலே நாம் இதே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

‘பிரியா’ 1978இல் வந்தது. இளையராஜா அந்தப் படத்தின் பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று வாத்தியங்கள் பிரிந்து நிற்கும். பிறகு வந்த ராஜா பாடல்களிலும் வயலின் கூட்டம் ஒரு பக்கம், கிட்டார் இன்னொரு பக்கம் என்று பேசிக்கொள்வதைக் கேட்கலாம். ஆனால் எங்கள் ஊரில் அதை எப்படிக் கேட்டோம்? பழனி ரோட்டிலும் வத்தலக்குண்டு ரோட்டிலும் ஓடிய தனியார் பஸ்களில் கேட்டோம். ஸ்பீக்கர் கட்டுகிற மெக்கானிக் பல பஸ்களில் இடது சேனலை முன்பக்க ஸ்பீக்கர்களுக்கும் வலது சேனலைப் பின்பக்கத்துக்கும் இழுத்துவிடுவார். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு வயலின் கிடைக்கும், கடைசி சீட்டுக்காரருக்குக் கிட்டார் மட்டும் கிடைக்கும். ஒரே டிக்கெட், ஒரே பாட்டு, ஆனால் இருவரும் கேட்டது வேறு வேறு. டீக்கடையில் ஒரே ஒரு ஸ்பீக்கர் கட்டி ஒரு சேனலை மட்டும் இழுத்திருப்பார்கள். அங்கே மற்றப் பக்கத்து வாத்தியமெல்லாம் பாட்டிலேயே இல்லாத மாதிரி. நாங்களே எத்தனையோ பஸ்ஸில் இரண்டு சேனலையும் சேர்த்துக் கட்டிச் சரிசெய்திருக்கிறோம். பல வருஷம் கேட்ட பாட்டில் புதிதாக ஒரு வாத்தியம் வருகிறது என்று கண்டக்டர்கள் சொல்வார்கள்.

எண்பதுகளில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், எல்.பி. ரெக்கார்டிலிருந்து டிடிகே கேசட்டிலோ சோனி கேசட்டிலோ ஏற்றித் தருவார்கள். ஏற்றுகிறவர் முன்னால் கிராஃபிக் ஈக்வலைசர் இருக்கும். இரண்டு ஓரத்துக் குமிழ்களையும் மேலே தூக்கி, நடுவை இறக்கி வைப்பார். பேஸும் ட்ரெபிளும் தூக்கினால் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும். அந்த நடுப்பகுதியில்தான் எஸ்.பி.பி. குரலும் ஜானகி குரலும் குடியிருந்தன. ஆக, ஸ்டுடியோவில் ஒருவர் மிக்ஸ் செய்ததன்மேல் எங்கள் ஊர்க்காரர் இன்னொரு மிக்ஸ் போட்டார். பிறகு அந்தக் கேசட் தேய்ந்தது. தேய்ந்த கேசட்டைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டோம். குழாய் ஸ்பீக்கருக்கு அடித்தொனியும் கிடையாது, உச்சத்தொனியும் கிடையாது.

1992இல் ‘ரோஜா’ வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டோடு சேர்ந்த ஸ்டுடியோவில் ஒவ்வொரு ஒலியாக அடுக்கிச் செய்த பாடல்கள். அதற்குள் ஊரில் பேஸ் பாக்ஸ் வந்துவிட்டது, கம்பெனிக் கேசட் வாங்கும் பழக்கமும் கூடியது. பிறகு சி.டி.யும் வந்தது. ‘ராஜா பாட்டில் சத்தம் பழசு, ரஹ்மான் பாட்டில் சத்தம் துல்லியம்’ என்று பேச்சு ஆரம்பித்தது. ராஜா பக்கத்துக்காரர் ‘ரஹ்மானிடம் சத்தம்தான் இருக்கிறது’ என்று பதிலுக்குச் சொன்னார். இரண்டுமே அநியாயம். நகலெடுத்துத் தேய்ந்த கேசட்டில், குழாய் ஸ்பீக்கரில் கேட்ட ஒருவரையும், புதுக் கேசட்டில் பேஸ் பாக்ஸில் கேட்ட இன்னொருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொன்னோம். ராஜாவின் எழுபது, எண்பதுகளின் பதிவுகளில் பெரும்பாலானவை பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்து எடுத்தவை. அந்த முறைக்கு ஒரு ஒலி உண்டு. ஒவ்வொன்றாக அடுக்கும் முறைக்கு வேறு ஒலி. முறையைக் கேட்டுவிட்டு மேதைமையை எடை போட்டோம்.

இந்தச் சண்டைக்காரர்கள் இருவருக்கும் எச்.ஸ்ரீதர் பெயரைச் சொல்வேன். ரஹ்மான் பாடல்களுக்குப் பல ஆண்டுகள் ஒலிக்கலவை செய்த சென்னைக்காரர். நான்கு முறை ஒலிக்கான தேசிய விருது பெற்றவர்: ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. அதில் முதல் படமான ‘மகாநதி’க்கு இசை இளையராஜா. மற்ற மூன்றுக்கும் ரஹ்மான். இரண்டு பக்கமும் ஒரே காது வேலை செய்திருக்கிறது. 2008 டிசம்பர் 1ஆம் தேதி அவர் காலமானார். ராஜாவா ரஹ்மானா என்று விடிய விடியப் பேசுகிறவர்களிடம் ஸ்ரீதர் யார் என்று கேட்டுப்பாருங்கள். நூற்றில் ஒருவர் சொன்னால் அதிகம். ரஹ்மான் கேசட்டுகளின் உள்ளட்டையில் வாத்தியக்காரர் பெயரும் ஒலிப்பதிவாளர் பெயரும் அச்சாகி வந்த காலம் உண்டு. என் தொழிலுக்கு அந்த அட்டைதான் பாடப்புத்தகம். இன்று செல்போன் செயலியில் பாட்டு ஓடும்போது படத்தின் போஸ்டரும் பாடகர் பெயரும் தெரிகிறது. மிக்ஸ் செய்தவர் பெயரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். பல பாட்டுக்குத் தோண்டினாலும் கிடைப்பதில்லை.

‘நல்ல பாட்டு எந்த மிக்ஸிலும் நிற்கும்’ என்று ஒரு வாதம் வரும். மெட்டுக்கு அது பொருந்தும். தாலாட்டை ஒற்றைக் குரலில் பாடினாலும் அது தாலாட்டுத்தான். ராக் இசைக்கு அது முழுக்கப் பொருந்தாது. அங்கே கிட்டாரின் கரகரப்பு, டிரம்ஸ் அறையில் மோதித் திரும்பும் ஓசை, குரல் எவ்வளவு புதைந்திருக்கிறது என்பதெல்லாம் பாட்டின் உடம்பு. 1970இல் பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’ ஆல்பத்தில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் வாத்தியக் கூட்டத்தையும் கோரஸையும் சேர்த்தது குழுவின் பால் மெக்கார்ட்னிக்குப் பிடிக்கவில்லை. 2003இல் அவை இல்லாத வடிவம் தனியாக வந்தது. ஸ்டூஜஸ் குழுவின் ‘ரா பவர்’ 1973இல் பெரும்பாலும் டேவிட் போவி செய்த மிக்ஸில் வந்தது. 1997இல் குழுவின் பாடகர் இக்கி பாப் தானே திரும்ப மிக்ஸ் செய்தார், காது கிழியும் சத்தத்தில். இன்றுவரை ரசிகர்கள் இரண்டு கட்சி. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இரண்டும் கிடைக்கிறது என்பதுதான். கேட்டு, ஒப்பிட்டு, காரணம் சொல்லி ஒரு கட்சியில் சேரலாம்.

நம் பாடல்களில் அது நடப்பதில்லை. பழைய பாட்டை ‘டிஜிட்டல்’ என்று சொல்லி வெளியிடுகிறார்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று வயலின் வில்லின் உரசலையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். அதன் மேல் பேஸ் ஏற்றுகிறார்கள். எல்.பி.யில் இருந்த மூல மிக்ஸ் எங்கேயும் கிடைப்பதில்லை. இருபது வயதுப் பையன் அதைக் கேட்டு அந்தக் காலத்து இசையை எடை போடுகிறான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

நம் ஊர் ராக் குழுக்களுக்கு இந்த அநியாயம் இன்னும் அதிகம். பெங்களூருவின் ‘அகம்’ குழு கர்நாடக ராகத்தையும் ராக்கையும் சேர்த்து 2012லும் 2017லும் ஆல்பம் கொண்டுவந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் கிட்டாரையும் ஒரே மேடையில் ஏற்றியது. இவற்றின் பின்னால் வரும் சின்னச் சின்னக் குழுக்கள் வீட்டு அறையில் ஒரு லேப்டாப்பில் பதிவு செய்கின்றன. அதைக் கோடிக்கணக்கில் செலவழித்து மிக்ஸ் செய்த லண்டன் ஆல்பத்துக்கு அடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு, ‘நம்ம ஆளுகளுக்கு ராக் வராது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நம் வாத்தியங்களுக்கு வெளிநாட்டு மிக்ஸ் முறை அப்படியே பொருந்துவதும் இல்லை. கல்லூரி விழா ஒன்றில் பறையும் எலக்ட்ரிக் கிட்டாரும் சேர்ந்து வாசித்தார்கள். பறையில் ஒரு கையில் நீளமான மெல்லிய குச்சி, இன்னொரு கையில் குட்டையான தடித்த குச்சி. மெல்லிய குச்சி விழும் ‘சட்’ என்ற ஓசையில்தான் தாளத்தின் பேச்சு இருக்கிறது. ஒத்திகையில் கிட்டாரின் கரகரப்பு அந்த ஓசையை விழுங்கிவிட்டது. பறைக்காரத் தம்பி கை வலிக்க ஓங்கி அடித்தார், கேட்கவில்லை. மைக்கை ஏற்றினால் ஊளையிட்டது. நான் பறையைத் தொடவில்லை. கிட்டாரில் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் இறக்கினேன், பறையில் போட்டிருந்த கம்ப்ரஸரை எடுத்தேன். குச்சியோசை கூட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் போனது. தம்பி சாதாரணமாக வாசித்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் ‘பறைக்காரர் பின்னிட்டாரு’ என்றார்கள். ஒத்திகையிலும் அவர் பின்னத்தான் செய்தார்.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. நசுக்கிச் சத்தமாக்கிய பாட்டை அவை இறக்கிவிடும். அப்போது அது தட்டையாக, உயிரில்லாமல் கேட்கும். சத்தத்தை ஏற்றி ஏமாற்றும் லாபம் போய்விட்டது. அதன் பிறகும் நம் ஸ்டுடியோக்கள் பழைய பழக்கத்தில் நசுக்கிக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஆடியோ நிறுவனங்களிடம் என் கோரிக்கை இரண்டு. பழைய பாடல்களின் மூல மிக்ஸை அதே நிலையில், புதுப் பதிப்புக்குப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். ஒவ்வொரு பாட்டோடும் ஒலிப்பதிவு, மிக்சிங், மாஸ்டரிங் செய்தவர் பெயரைப் பாடகர் பெயர் தெரியும் இடத்திலேயே போடுங்கள். இளம் குழுக்களுக்குச் சொல்வது: வீடியோவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை மிக்ஸுக்கு ஒதுக்குங்கள். நம் தோல் வாத்தியங்களைத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து மிக்சர் முன்னால் உட்காரவையுங்கள்.

ரசிகர்களுக்குச் சொல்வது எளிது. ஒரு ஆல்பத்தை ஒதுக்குமுன் செல்போன் ஸ்பீக்கரை விட்டுவிட்டு, ஒரு சுமாரான ஹெட்போனிலாவது, இரண்டு காதிலும் மாட்டி முழுதாக ஒருமுறை கேளுங்கள். இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். பிடிக்கவில்லை என்றால், பாட்டு பிடிக்கவில்லையா, மிக்ஸ் பிடிக்கவில்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள். வாசித்தவனுக்கும் மிக்ஸ் செய்தவனுக்கும் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லத் தெரிந்த ரசிகர் கூட்டம் வந்துவிட்டால், நல்ல ஆல்பங்கள் இந்த மண்ணிலிருந்து தானாகவே வரும்.